காக்காய் சொன்ன சேதி

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

இவள் கையில் இருந்தது, ஓரகத்தி இந்திராணி எழுதிய புத்தகம். ஐம்பது வயதானதும் மாதத்துக்கு ஒரு புது வேலை செய்து பார்ப்பது என்று கிளம்பியவளின் சொந்தக் கதை.

ஸ்கூட்டி பழகப் போய் நேராக இளநீர் வண்டிக்குள் விட்டிருக்கிறாள். விழுந்த இடத்திலேயே ஒரு இளநீர் வெட்டச் சொல்லிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாளாம்.

இவள் கூடத்து சோபாவில் சிரிக்க, அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்த இந்திராணியும் சிரித்தாள். ஒவ்வொரு சிரிப்புக்கும் அங்கிருந்து பதில் சிரிப்பு வந்தது.

அடுத்த அத்தியாயம், நீச்சல்.

முப்பத்து நான்கு வயதில் ஒருமுறை முயன்றதிலிருந்து தொடங்கியிருந்தாள். நகை எதுவும் கூடாது என்று பயிற்சி அம்மா சொன்னது. தாலியைக் கழற்றி, துணைக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்கியது. மூக்கில் போன தண்ணீர் காதில் வந்தது.

இவளுக்குச் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

துணைக்குப் போனவள் இவள்தான்.

'நான்காம் நாள் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. காக்காய் போய்ச் சொல்லியிருக்கும்' என்று எழுதியிருந்தாள்.

காக்காய் இல்லை. அன்று சாயங்காலம் மாமியாரோடு உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்தபடி, கேட்காமலே இவள் சொன்னாள்.

"தாலியக் கழட்டி வச்சுட்டுத்தான் அத்தை இறங்குறா."

வேறொன்றும் சொல்லவில்லை. அது போதும் என்று தெரிந்துதான் சொன்னாள்.

நீச்சல் அன்றோடு நின்றது. மறுவாரமே மாமியார் கோயிலில் வைத்து, இந்திராணிக்கு அவள் புருஷனையே மறுபடி தாலி கட்ட வைத்தார். 'ஒரே மனுஷனை இரண்டு தடவை கட்டிக்கொண்டவள் நான். முதல் தடவையே போதும் என்றிருந்தது' என்று எழுதியிருக்கிறாள் இந்திராணி. ஊரே சிரிக்கும் இடம்.

இவளுக்கு உடம்பு கூசியது.

நான்கு நாளும் குளத்தோரம் பெஞ்சில், அடுத்தவள் தாலியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளுக்கும் இறங்க ஆசை. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் இறங்கியிருக்க மாட்டாள்.

பக்கத்தைத் திருப்பினாள்.

'பதினாறு வருஷம் கழித்து, மாமியார் போய்ச் சேர்ந்தபின், மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை தாலியை யாரிடமும் கொடுக்கவில்லை. பல்லில் கடித்துக்கொண்டே நீந்தினேன்.'

இரண்டாம் முறை படித்தாள்.

யாரிடமும் கொடுக்கவில்லை.

சொன்னது யாரென்று தெரியாது என்று நினைத்திருந்தாள். அத்தனை வருஷமும் பொங்கலுக்கு வந்தவளுக்கு, ஆஸ்பத்திரியில் இவள் தலைமாட்டில் ராத்திரி பகல் உட்கார்ந்திருந்தவளுக்கு, தெரியவே தெரியாது என்று.

சொல்லிவிட வேண்டும். இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும். ஒரு வார்த்தைதானே.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்? நான் பல்லுல கடிச்சுக்கிட்டு நீந்துனது வந்துருச்சா?"



"இன்னும் வரல, இந்திரா."

சொன்னபின்தான், பொய் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அவசரமாகப் படித்து முடித்த பக்கங்களுக்குப் புரட்டினாள். இளநீர் வண்டி வந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அடுப்படிக்குக் கேட்கும்படி மறுபடி சிரித்தாள்.

பதில் சிரிப்பு வரவில்லை.

காபி வந்தது. சர்க்கரை குறைத்து, இவளுக்குப் பிடித்த மாதிரி நுரையோடு.

இவள் கையை நீட்டினாள்.

இந்திராணி டம்ளரைக் கையில் கொடுக்காமல் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.