லிச்சிக்குப் போர்த்திய கம்பளி

மார்கழி விடியலில் கிணற்றடிக்கு வரும் சலேத்மேரியின் கண்ணில் முதலில் படுவது, லிச்சி மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும் அவளுடைய கம்பளிதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ராத்திரியெல்லாம் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு இருமியவள் அவள். ஹனோயில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து திரும்பியபோது, புருஷன் சவரிராயன் பிஸ்கோத்து டப்பாவில் வைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கன்று இது. மரமாகி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. ஆறு வருஷமாகியும் ஒரு பூ இல்லை. "பனியில கன்னு கருகிடும், மூடி வையின்னு போட்டிருக்குடி," என்று பின்னாலேயே வந்த சவரிராயன் பிரெஞ்சுத் தோட்டப் புத்தகத்தை நீட்டுகிறார். "ஆறு வருஷமா இந்த ஒரு பக்கத்தையே படிச்சிக்கினு இருங்க. அடுத்த பக்கத்துல என்னா போட்டிருக்கு?" தூரத்தில் கோயில் மணி அடிக்கிறது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தைப் புரட்டுகிறார். உதடு அசைகிறது, பிறகு நின்றுவிடுகிறது. "என்னாங்க?" "வளந்த மரம் குளிர் பட்டாத்தான் பூக்குமாம்." கம்பளியின் நுனியிலிருந்து பனி சொட்டுகிறது. அவள் கயிற்றை அவிழ்த்து, ஈரக் கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறாள். அவர் வீட்டுக்குள் ஓடி, பனையோலை விசிறியோடு வந்து, மரத்துக்கு விசிற ஆரம்பிக்கிறார்.