கூடாத இழை

கூடத்துத் தரையில் பூங்கோதை பெயிண்டால் போடும் சிக்குக் கோலம் ஒவ்வொரு பொங்கலன்றும் ஒழுங்காகத்தான் முடியும். அடுத்த பொங்கலுக்குள் அது நடுவில் விரற்கடை அளவு விலகி, இழை அறுந்து நிற்கும். தரையில் ஓடிய மெல்லிய விரிசலை யாரும் பொருட்படுத்தவில்லை. “கை கோணல். இழை கூடாத வீட்டுல மனுசங்க எப்படிக் கூடுவாங்க?” என்று மாமியார் சொல்லிச் சொல்லி, பூங்கோதையே தன் கையை நம்பாமல் போனாள். குழம்பு ஊற்றும்போதுகூடக் கரண்டியை இரண்டு கையாலும் பிடிப்பாள்.

நில ஆய்வுக்கு வந்த பெண் கோலத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அறுந்த இழைகளுக்கு நடுவே டேப்பை வைத்து அளந்தாள்.

“அக்கா, பூமிக்கடியில ரெண்டு பெரிய பாறைத் தட்டு உரசிக்கிற இடத்துல உங்க வீடு இருக்கு. கூடத்துல இந்தப் பாதி தெக்க போகுது, அந்தப் பாதி வடக்க போகுது. நகம் வளர்ற மாதிரி, கண்ணுக்கே தெரியாது.”

“அப்ப என் கை கோணல் இல்லையா?”

“உங்க கை நேராத்தான் போட்டிருக்கு. தரைதான் நழுவிப்போச்சு.”

வீட்டைக் காலி செய்வது நல்லது என்று அந்தப் பெண் அதற்குமேல் சொன்ன எதுவும் பூங்கோதையின் காதில் ஏறவில்லை. விரல்களை விரித்துப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அத்தை, இங்க கொஞ்சம் வாங்களேன்!”

மாமியார் வந்து, விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“நான் அன்னைக்கே சொன்னேன், இந்தத் தரைதான் சரியில்லன்னு” என்றவள், அந்தப் பக்கத்துக் காலை மெல்லத் தூக்கி மருமகள் நின்ற பக்கம் வைத்தாள்.