தாகம் வந்த வழி

“உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்தத் தாகம் இருக்கா?”

டாக்டர் முன்பொரு நாள் கேட்ட அந்தக் கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. மகள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஓயாமல் கழிப்பறைக்கு ஓடினாள். சர்க்கரை நோய் இல்லை என்றார்கள். பாடத்திலிருந்து தப்பிக்க நடிக்கிறாள் என்றார் டீச்சர்.

“யாருக்கும் இல்லைன்னு சொல்லிடேன்” என்றான் கணவன்.

“பொய் சொன்னா வைத்தியமும் பொய்யாத்தாங்க போகும். நான் போய் அவளைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்.”

“வந்து பிள்ளையோட ஒட்டிக்கிட்டா என்னடி பண்ணுவே?”

“ஒட்டிக்கட்டும். எனக்குப் பிள்ளை நல்லாகணும்.”

அலைந்து திரிந்து, கண்டுபிடித்து அழைத்து வந்தாள். வந்தவள் ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்திலேயே பாட்டில் பாட்டிலாகக் காலி செய்தாள்.

“அம்மா, இந்த அக்கா எனக்குப் போட்டியா குடிக்கிறாங்க!” என்று மகள் சிரித்தாள்.

பரிசோதனைகளெல்லாம் முடிந்தபின், மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: “ரெண்டு பேருக்கும் ஒரே குறைதான். உடம்புல தண்ணியைத் தங்க வைக்கிற ஹார்மோன் சரியாச் சுரக்கலை. பரம்பரையா வர்றது. மருந்து இருக்கு, பயப்படாதீங்க. ஆமா, இவங்க உங்க தங்கச்சியா?”

“இல்ல டாக்டர். என் மகளைப் பெத்தவ. நான் தத்தெடுத்து வளர்க்கிறவ.”

கதவு திறந்தது. “அம்மா, போலாமா?” என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பெற்றவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். தன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.