வாயில் பிசின் பூசிய காவல்காரன்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையைச் சிரைத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன், சத்தியமாக நடந்தது.

ஓர் எறும்புப் புற்றுக்குக் கடுவாயன் என்ற எறும்புதான் காவல். வருகிறவர்களை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவான். போகப்போகச் சந்தேகம் முற்றி, சொந்த வேலைக்காரிகளையே கடித்துக் குதறத் தொடங்கினான். ராணி அவன் தாடையில் வேப்பம்பிசினை அப்பினாள். அவனால் பேச முடிந்தது, கடிக்கத்தான் முடியவில்லை.

புற்று நிம்மதியாகத் தூங்கியது. அப்போதுதான் அங்கேயே பிறந்த ஒரு வேலைக்காரி, வேலையை விட்டுவிட்டுத் தின்று கொழுத்து, தன்னைப்போலவே தின்னிகளாகப் பெற்றுத் தள்ள ஆரம்பித்தாள். மோந்தால் வீட்டு வாசனைதான். ராணியின் குஞ்சுகள் பட்டினியில் சுருண்டன.

“பிசினை எடுங்க ராணியம்மா, அவளை நான் பாத்துக்கறேன்” என்றான் கடுவாயன்.

“எடுத்தா எங்களைக் கடிக்க மாட்டியே?”

அவனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “கடிப்பேன். எனக்கு எல்லார் வாசனையும் ஒண்ணாத்தான் இருக்கு.”

ராணி குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிசினைப் பாதி மட்டும் சுரண்டிவிட்டுத் தன் காலை நீட்டினாள்.

“போற வழியில இதைக் கடிச்சுக்கோ. அவளை மட்டும் விட்டுடாதே.”

ராணி இன்றைக்கும் நொண்டுகிறாள்; தின்னிக் கூட்டம் ஒழிந்து குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. இதைச் சொன்னது யாரென்று எவர் கேட்டாலும் என் பேரை எடுத்துவிடாதீர்கள். கடுவாயன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.