திரை இழுத்தவர்

சீவரத்தினத்தாரின் கண்ணில் அந்தப் பிள்ளை பட்டுவிடக் கூடாது என்று காலையிலிருந்து மயூரதன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிள்ளை என்றால் கோபிகா. கனடாவிலிருந்து வந்திருந்தாள். இந்த ஊரில் பிறந்து, அங்கே போய்க் கண்ணை மூடிய ஆழ்வாப்பிள்ளையின் மகள். தகப்பன் போய் ஒரு வருசம், ஆட்டைத் திவசம் வருகிறது. வருகிற சனத்துக்குக் கொடுக்க நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். அதில்தான் சிக்கல்.

"தான் இஞ்சத்தை நாடகக் கொட்டகையிலை ராசா வேசம் கட்டினதெண்டு அப்பா சாகுமட்டும் சொன்னவர்," என்றாள். "அது சும்மா கதையாம், மலரிலை போட்டால் ஊர்ச்சனம் சிரிக்குமாம் எண்டு என்ரை அண்ணா சொல்றார். பாத்த ஆள் ஒராள் ஓம் எண்டால் எனக்குக் காணும்."

மயூரதன் வாசிகசாலைச் செயலாளர். கொட்டகையில் நாடகம் நின்ற பிறகு பிறந்தவன்.

"பொன்னம்பலத்தாரைக் கேப்பம். அளந்து கதைக்கிற மனுசன். இணுவில் கோயிலுக்குப் போனவர், பின்னேரம் வந்திடுவார்."

"எனக்கு ரெண்டு மணிக்கு ரயில், அண்ணா."

"அப்ப கொட்டகையை எண்டாலும் பாத்திட்டுப் போங்கோ. ஒண்டு சொல்லுறன், அங்கை ஒரு கிழவர் வந்தாலும் வருவார். அவற்றை கதையை மட்டும் நம்பிப் போடாதேங்கோ."

சீவரத்தினத்தாரின் சரித்திரம் அப்படி. கிணற்றுக்குள் விழுந்த பஸ்ஸைத் தனி ஆளாய்த் தூக்கிவிட்டது, கடலாமையில் ஏறிக் காரைநகருக்குப் போனது, கொட்டகையில் தானே ராசாவாய் நின்றது, மூன்றையும் ஒரே குரலில் சொல்வார். வாசிகசாலையில் கரம் பலகையில் காய் அடிக்கிற பெடியள் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

கொட்டகைக்குக் கூரை இல்லை. டிக்கட் கிழித்த கூண்டுக்குள் ஒரு பூவரசு நின்றது. மேடையில் யாரோ வெங்காயம் காயப் போட்டிருந்தார்கள். அந்த வெங்காயத்துக்கு நடுவில், சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, சீவரத்தினத்தார் ஏற்கெனவே நின்றார்.

மயூரதன் அவளைத் திருப்பிக் கூட்டிப்போகப் பார்ப்பதற்குள் கிழவர் முந்திக்கொண்டார்.

"ஆழ்வாப்பிள்ளையின்ரை பெட்டையோ? அதே மூக்கு."

"ஓம் மாமா. அப்பா இதிலை நடிச்சவரோ?"

கிழவர் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார்.

"நடிச்சவரோ? கொப்பர் ராசாவா நிக்கிற நாளிலை மயிலிட்டியிலை ஒரு வள்ளம் கடலுக்குப் போகாது, பிள்ளை. மீனெல்லாம் கரைக்கு வந்து, என்ன ஒருத்தரையும் காணேல்லை எண்டு பாத்திட்டுத் திரும்பிப் போகும்."

கோபிகா சிரித்தாள்.

"சிரிக்காதை. மானிப்பாயிலை ஒரு மாப்பிள்ளை, தாலியைப் பொம்பிளையின்ரை தமையன்ரை கையிலை குடுத்திட்டு, முதல் சீன் முடிய வாறன் எண்டு இஞ்சை ஓடி வந்தவன்."

மயூரதன் தொண்டையைச் செருமினான். "அண்ணை, கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை அச்சடிக்கப் போகுது."

"அச்சடிக்கட்டும். இதிலை நிண்டுதான் முடியைக் கழட்டி வைச்சிட்டு அழுவார். பொம்பிளையள் பக்கம் ஒரு சத்தம் இராது. மூக்குறிஞ்சிற சத்தம் மட்டும் கேக்கும்." இதைச் சொல்லும்போது கிழவரின் குரலில் பகிடி இல்லை.

"அப்ப நீங்கள் என்ன வேசம், மாமா?"

வந்துவிட்டது, இனி ரெண்டு ராசா ஆகப் போகிறது என்று மயூரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

சீவரத்தினத்தார் மேடையின் ஓரத்துக்குப் போனார். துருப்பிடித்த கப்பி ஒன்று, எஞ்சியிருந்த வளைமரத்தில் தொங்கியது.

"நானோ? நான் இதிலை நிண்டு திரை இழுத்தனான். ஒருநாள் கயிறு சிக்கிப் போச்சு. கொப்பர் ராசா உடுப்போடை வந்து என்ரை காதைப் பிடிச்சு முறுக்கினார். அடுத்த நாள் தானே வந்து பிளேன்ரீயும் வாங்கித் தந்தவர்."

கோபிகாவின் கண் நிறைந்துவிட்டது. "அப்ப மலரிலை போடலாம், என்ன? அண்ணாதான் நம்பிறாரில்லை."

"போடு பிள்ளை. பெரிய எழுத்திலை போடு. கொண்ணைக்கு இந்தச் சீவரத்தினம் சொன்னதெண்டு சொல்லு."

அவள் கிழவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ரயிலுக்குப் போய்விட்டாள்.

பின்னேரம் வாசிகசாலையில் மயூரதனுக்குக் கொண்டாட்டம். பொன்னம்பலத்தார் கோயிலால் வந்து பேப்பரை விரித்ததும் விரிக்காததுமாகத் தொடங்கினான்.

"கேட்டியளே அண்ணை, இவ்வளவு காலமும் தான்தான் ராசா எண்டு எங்களுக்குப் புழுகினவர். இண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னாலை பிடிபட்டிட்டார். ஆள் திரை இழுத்தவராம்."

கரம் பலகையைச் சுற்றி ஒரே சிரிப்பு. வாங்கில் இருந்த சீவரத்தினத்தாரும் சேர்ந்து சிரித்தார்.

"என்ன தம்பி செய்யிறது. தகப்பன் இல்லாத பிள்ளை. பொய் சொல்ல வாய் வரேல்லை."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொன்னம்பலத்தார் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அந்த நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவன் நான். திரை இழுத்தவன் ஆழ்வாப்பிள்ளை."

பெடியள் காய் அடிப்பதை நிறுத்தினார்கள்.

"அப்ப ராசா?"

"உந்தச் சீவரத்தினந்தான். நீங்கள் சிரிக்கேக்கை, எனக்கென்னத்துக்கு எண்டு நானும் சேந்து சிரிச்சனான். உவன் இந்த ஊரிலை சொன்ன ஒரேயொரு உண்மை அது. அதையும் இண்டைக்கு அந்தப் பிள்ளையட்டைக் குடுத்து அனுப்பிப் போட்டான்."