உதவி எண் சொன்ன பதில்

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்” என்று இருபது நிமிடம் கழுத்தறுத்த பிறகுதான், கம்ப்யூட்டர் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண் வாயைத் திறந்தாள்.

“என்ன சார் பிரச்சினை?”

“ஆன் பண்ணினாலே தேதி இருபது வருஷம் பின்னாடி போயிடுதும்மா.”

மாடல் எண்ணைச் சொன்னேன். அவள் சிரித்தேவிட்டாள்.

“அதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது சார். சப்போர்ட்டை நிறுத்தியே அஞ்சு வருஷம் ஆச்சு.”

“விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?”

“ஒரு பெருசு இருந்தாராம். பழசையே கட்டிக்கிட்டு அழறாருன்னு போன மாசம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“அப்ப நான் என்ன பண்றது? மெதுவா சொல்லும்மா, எழுதிக்கிறேன்.”

சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன்.

போனை வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது. அதே கம்பெனியின் மேனேஜர்.

“சார், காலையில கேட்டேனே, யோசிச்சீங்களா? நம்ம ஹெட் ஆபீஸ் கதவையெல்லாம் திறக்குறதே அந்தப் பழைய மெஷின்தான். தேதி பின்னாடி போனதுலேருந்து யாரோட கார்டையும் ஏத்துக்க மாட்டேங்குது. முதலாளியே தெருவுல நிக்கிறாரு. உங்களை வீட்டுக்கு அனுப்பினதை மனசுல வெச்சுக்காம, ஒரு நடை வந்துட்டுப் போங்க சார்!”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதி வைத்ததை அந்தப் பெண்ணின் அதே தோரணையில் வாசித்தேன்.

“மன்னிக்கணும் சார். இவ்வளவு பழசுக்கெல்லாம் சப்போர்ட் கிடையாது. தூக்கிக் கடாசிட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?”