ஐந்து சீட்டும் காத்திருந்தன

"அந்த மனுஷனுக்கு என்ன கொழுப்பு பார்த்தியா?" என்றான் லானி, பக்கத்து மெஷினில் ஆடிக்கொண்டிருந்தவன்.

மாரிவிக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றின் மூலையில், பழைய போக்கர் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வெர்ன். எழுபத்தாறு வயது. திரையில் ஆர்ட்டின் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ். ராயல். போக்கரில் இதற்கு மேல் ஜெயிப்பு இல்லை. அதுவும் ஒரு சீட்டுகூட மாற்றாமல், முதலில் போட்டதிலேயே வந்த ராயல். ஆறரை லட்சம் ஆட்டத்துக்கு ஒரு முறை வந்தால் உண்டு.

வந்து ஐம்பது நிமிஷம் ஆகிறது. மனுஷர் அசையவில்லை.

புது மெஷினாக இருந்தால் அதுவே ஐந்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, மணியடித்து ஊரைக் கூட்டியிருக்கும். இது பழசு. ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே அதைப் பிடித்து வைக்கிற ஹோல்டு பொத்தானை அழுத்தி, கடைசியில் மற்றதை மாற்றுகிற ட்ரா பொத்தானை அழுத்தினால்தான் நாலாயிரம் டாலர். அதுவரை மூச்சு விடாது. ஒன்றை மறந்துவிட்டு ட்ராவைத் தொட்டால், அந்தச் சீட்டு போனதுதான்.

"வரியை ஏய்க்கப் பார்க்கறார்" என்றான் லானி. "வேற யாரையாவது வரவழைச்சு அழுத்தச் சொல்வார். யார் கை அழுத்துதோ அவங்க பேர்லதானே நீ எழுதுவே?"

உண்மைதான். ஜெயித்தவர்களுக்கு வரிப் படிவம் எழுதுகிற வேலையில் மாரிவிக்குக்குப் பதினாறு வருஷம். இந்தத் தந்திரம் அவளுக்குப் புதிதில்லை.

அருகில் போனாள். "ஐயா, மேனேஜர் ரெண்டு தடவை கேட்டுட்டார். அழுத்திடுங்களேன்."

"நான் தொட மாட்டேன்மா. எங்க அண்ணி வரணும். பஸ் ஏறிட்டாங்க."

"அவங்க எதுக்கு?"

வெர்ன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எண்பத்து மூணுல அண்ணன், அண்ணி, நான், மூணு பேரும் இங்கயேதான் கிடப்போம். ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டா நேரா இங்க. அப்பல்லாம் நாணயம்தான். அள்ளி அள்ளிப் போட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். அந்தக் கையோடவே முட்டையும் பன்னிக்கறி ஹாமும் தின்போம். ஒரு டாலருக்கு வயிறு முட்ட." சிரித்தார். "அப்படி ஒருநாள்தான் அண்ணிக்கு வந்துச்சு. இதே மாதிரி, அஞ்சும் ஒரே போடுல. அண்ணன் அன்னிக்கு வீட்டு வாடகையைத் தோத்துட்டுக் கடுகடுன்னு நின்னுக்கிட்டிருந்தார். நான் குஷியில கையை நீட்டி ட்ராவை அழுத்தித் தொலைச்சேன். ஒண்ணைக்கூட ஹோல்டு பண்ணலை."

"ஐயோ. அப்புறம்?"

"அண்ணன் சாகற வரைக்கும் என்கூடப் பேசலை."

மாரிவிக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்களே அழுத்திட்டு, பணத்தை அவங்ககிட்ட குடுத்தா என்ன?"

"வாங்க மாட்டாங்க. மூணு தடவை கவர்ல போட்டு நீட்டினேன். திருப்பி என் சட்டைப் பையிலயே செருகிட்டாங்க." தாடையைத் தேய்த்துக்கொண்டார். "சீட்டு மாத்தி வர்ற ராயல்னா ட்ராவை நானே அழுத்தியாச்சே, வந்த நொடியே என் பேர்ல விழுந்துடுது. எனக்கு நாலு தடவை வந்திருக்கு, பிரயோஜனமில்லை. இப்படி மொத்தமா வர்றது மட்டும்தான் இன்னொருத்தர் கைக்காகக் காத்துக்கிட்டிருக்கும். இதுக்குத்தான் இருபத்தொரு வருஷமா இங்க வந்து உட்கார்றேன்."

மாரிவிக் திரும்பி, "லானி, முழங்கையை அந்தப் பக்கம் வெச்சுக்கோ" என்றாள்.

பிடித்து நடக்கும் சக்கரவண்டியைத் தள்ளிக்கொண்டு இமோஜின் வந்து சேர்ந்தாள். "அப்படி என்ன அவசரம் தம்பி? அடுப்புல பீன்ஸ் வெச்சிருந்தேன், பாதியில அணைச்சுட்டு..." என்றவள் திரையைப் பார்த்தாள்.

"உட்காருங்க அண்ணி. உங்க கையால அழுத்துங்க."

"வேணாம் தம்பி. நீங்களே..."

"அன்னிக்கு நான் தொட்டதே போதும்."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். ஹோல்டு பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். பத்து. ஜாக்கி. ராஜா. ஏஸ். விரல் ட்ராவை நோக்கி நகர்ந்தது. லானி வாயைப் பொத்திக்கொண்டான்.

வெர்ன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அண்ணி, ராணி கோவிச்சுக்கப் போறா."

இமோஜின் கையை இழுத்துக்கொண்டாள். ராணியை அழுத்தினாள். பிறகு ட்ரா.

மணியடித்தது. சுற்றிலும் கைதட்டல். லானிதான் முதலில் தட்டினான்.

"அண்ணன் மட்டும் இருந்திருந்தா" என்றார் வெர்ன்.

"இங்க இருக்கிற எல்லாருக்கும் ஹாம் வாங்கிக் குடுத்துட்டு, பில்லை உங்க தலையில கட்டியிருப்பார்." இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

வெர்ன் காபி வாங்கப் போனார். மாரிவிக் படிவத்தில் இமோஜினின் பேரை எழுதி நீட்டினாள். "தங்கமான மனுஷர்மா. என்னிக்கோ கை தவறினதை இன்னும் மறக்காம..."

வெர்ன் தூரத்தில் இருக்கிறாரா என்று இமோஜின் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அவர் கை எங்கம்மா தவறுச்சு? அன்னிக்கும் அழுத்தினது நான்தான். என் புருஷன் என் பக்கம் திரும்பறதுக்குள்ள, 'நான்தாண்ணே'ன்னு இவர் முந்திக்கிட்டார். பயத்துல நானும் வாயைத் திறக்கலை." பேனாவை வாங்கிக்கொண்டாள். "சொல்லிச் சொல்லி, இப்ப அவரே அதை நம்பிட்டார்."